வைகலும் நாழிகையும்: கூறுபட்ட துயிலில் நாட்கணக்கு

தமிழில் ஒரு நாளைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் 'வைகல்' என்பது தனித்து நோக்கத்தக்கது. வைகுதல் என்பது தங்குதல். சிறப்பாக, இரவு கழியத் தங்குதல். அவ்வினையடியாகப் பிறந்த தொழிற்பெயரே நாளுக்குப் பெயராயிற்று. 'வைகலும்' என்பதற்கு நாள்தோறும் என்பது பொருள். வைகறை என்பதனையும் வைகுதல் அறும் பொழுது எனப் பிரித்துப் பொருள் கொள்வர். எனவே, இராத்தங்கி எழுதல் என்னும் ஒரு நிகழ்ச்சியே நாளின் அலகாகக் கொள்ளப்பட்ட பழைய எண்ணுமுறை ஒன்றின் சுவடு இச்சொல்லில் உளது என யாம் கருதுகிறோம். இரவைக் கொண்டு நாளெண்ணும் வழக்கம் பிற மக்களிடத்தும் இருந்தது. செருமானியர் பகல்களை எண்ணாது இரவுகளையே எண்ணினர் என உரோம வரலாற்றாசிரியர் தாசித்தசு எழுதியுள்ளார். ஆங்கிலத்தில் இருவார காலத்தைக் குறிக்க இன்றும் வழங்கும் சொல் 'பதினான்கு இரவு' என்பதன் மரூஉவேயாம்.

இவ்வெண்ணுமுறை ஓர் எடுகோளின்மேல் நிற்கிறது. ஒருவன் ஒரு நாளில் ஒருமுறையே நெடிது துயில்வான் என்பதே அவ்வெடுகோள். துயிலுக்கு முன் நிகழ்ந்தது நேற்று; எழுந்தபின் நிகழ்வது இன்று. இதனை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. குழந்தையும் இவ்வாறே நாளை உணர்கிறது. ஆயின், ஒருவன் நாளொன்றுக்கு மூன்று முறையோ ஆறு முறையோ சிறுகச் சிறுகத் துயில்வானாயின் அவனுக்கு நேற்று எது? இன்று எது? காவலர், மாலுமிகள், பாசறையிற் கண்படாத வேந்தர், குகையுட் புகுந்த ஆய்வாளர் ஆகியோர் பல காலங்களில் இவ்வினாவை எதிர்கொண்டனர். அவர்கள் நாளை எதனாற் பற்றினர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நம் பழைய நூல்களை நோக்குவாம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி அம்மாநகரின் இரவை யாமம் யாமமாகப் பகுத்துக் காட்டுகிறது. நாளங்காடி ஒடுங்க அல்லங்காடி விரிந்த பின்னரும் நகரம் நெடுநேரம் விழித்திருக்கிறது. பின்னர்க் கடைகள் அடைக்கப்படுகின்றன; பண்ணியம் விற்போர் இருந்தவாறே உறங்குகின்றனர்; விழாவில் ஆடிய கூத்தரும் கண்ணயர்கின்றனர். அதற்கும் பிந்திய யாமத்தில் விழித்திருப்போர் இருதிறத்தார்: கள்வரும் அவரைத் தேடும் ஊர்காவலரும். மழை பெய்யும் நள்ளிரவிலும் அக்காவலர் சோர்வதில்லை எனப் புலவர் புகழ்கிறார். யாமம் என்னும் பகுப்பு விழித்திருப்போர்க்கே பயன்படுவது என்பதை இப்பகுதி தெளிவாக உணர்த்துகிறது. உறங்குவோனுக்கு இரவு முழுதும் ஒன்றே.

நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு இன்னும் நுட்பமான சான்று தருகிறது. பாசறையில் வேந்தன் கண்படை பெறாதிருக்கிறான்; புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் மாண்ட மறவரையும் எண்ணி அவனுக்குத் துயில் வரவில்லை. அப்பாசறையில் பொழுதை அளந்தறியும் மாக்கள் உளர். சிறிதளவு நீர் புகும் கன்னலைக் கொண்டு கழிந்த நாழிகை இத்துணை என அவர் அரசனுக்கு அறிவிக்கின்றனர். இவரை நாழிகைக் கணக்கர் என்ப. புகார் நகரில் வாழ்ந்த தொழிலாளருள் இவரைச் சிலப்பதிகாரமும் எண்ணுகிறது. அரண்மனைச் சிறப்புகளுள் ஒன்றாக மட்டும் இவரைக் கருதிச் செல்லுதல் போதாது. துயிலாத வேந்தனையும் பொழுது சொல்லும் கணக்கனையும் புலவர் ஒரே பாசறையில் நிறுத்தியது பொருளுடைத்து. துயிலால் இரவை அறிய இயலாதவனுக்கு அதனைப் பிறர் அளந்து கூறவேண்டியிருந்தது.

நக்கீரரின் நெடுநல்வாடை மற்றொரு நிலையைக் காட்டும். வாடையும் மழையும் மிக்க கூதிர்க்காலத்தில் ஞாயிறு தோன்றுவதில்லை. மனையுறை புறா இரவும் பகலும் மயங்கி, இரைதேடப் போகாது, கால் மாற்றி நின்று செயலற்றிருக்கிறது. அதே மனையில் மகளிர் பூந்தட்டிலிட்ட பித்திக அரும்பு அவிழ்ந்து மணம் பரப்புவதை அறிந்து, மாலை வந்ததென விளக்கேற்றுகின்றனர். பறவை மயங்கிற்று; பூ மயங்கவில்லை. இது புலவரின் கற்பனை மட்டுமன்று. 1729இல் பிரான்சு நாட்டு அறிஞர் தெ மெரான், தொட்டாற்சுருங்கி இனத்ததெனக் கருதப்படும் செடியொன்றை இருளில் வைத்தபோதும் அதன் இலைகள் உரிய பொழுதில் விரிந்தும் குவிந்தும் வந்தமையைக் கண்டறிவித்தார். உயிர்களின் உள்ளே இயங்கும் காலவுணர்வைப் பற்றிய இக்கால ஆராய்ச்சிக்கு அதுவே தோற்றுவாய் என்பர்.

இனி, நாழிகையை அளந்த கருவியைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அடியில் நுண்டுளையிட்ட செப்பு வட்டிலொன்றைப் பெரிய நீர்க்கலத்தில் மிதக்கவிடுவர். துளைவழி நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை, அஃதாவது 24 நிமிடம், கழிந்தது. இத்தகைய வட்டில் ஓர் இரவும் பகலும் கூடிய நாளில் 60 முறை மூழ்கும் எனச் சூரிய சித்தாந்தம் கூறுகிறது. நாழிகை என்னும் சொல் நாழி என்னும் முகத்தலளவைப் பெயரோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கியது. வடமொழியின் 'நாலிகா', 'நாடிகா' என்பவற்றோடு அதற்குள்ள உறவைப் பற்றிச் சொல்லாராய்ச்சியாளர் வழக்கிடுவர். அவ்வழக்கிற்குள் யாம் ஈண்டுப் புகவில்லை.

நாம் கருதவேண்டியது வேறொன்று. வட்டிலின் துளை சிறிது தேய்ந்தாலும் நீரில் தூசு படிந்தாலும் கணக்குப் பிழைபடும். மூழ்கிய வட்டிலை எடுத்து மீண்டும் மிதக்கவிடுவோன் ஒரு கணம் கண்ணயர்ந்தால் அதனினும் மிகுதியாகப் பிழைபடும். ஆயினும் அப்பிழை நாள்மேல் நாளாகத் திரண்டதில்லை. ஏனெனில், நாழிகை எண்ணுவது ஞாயிறு எழும்போது புதிதாகத் தொடங்கும். ஆகவே இம்முறையில் இரண்டு உறுப்புகள் உள. ஒன்று சிற்றளவை, அது வட்டில். மற்றொன்று எல்லைக்குறி, அது ஞாயிற்றெழுச்சி. சிற்றளவை தவறினும் எல்லைக்குறி அதனைத் திருத்தும். இவ்விரண்டையும் ஆராய்வோர் பலர் வட்டிலைப் பற்றி மிக எழுதி, எல்லைக்குறியை ஒரு வரியில் விட்டுவிடுகின்றனர். கூறுபட்ட துயில் கொண்டோர் வரலாற்றிலோ எல்லைக்குறியே முதன்மையானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் அரசனின் இரவை எட்டுக் கூறாக்குகிறது. மூன்றாங் கூற்றில் இசையொலியுடன் அவன் பள்ளி புகவேண்டும். நான்காம் ஐந்தாம் கூறுகளில் துயிலவேண்டும். ஆறாங் கூற்றில் மீண்டும் இசையொலியால் எழவேண்டும். இரவு 30 நாழிகை எனக் கொள்ளின் ஒரு கூறு மூன்றே முக்கால் நாழிகையாகும். துயிலுக்குரிய இரு கூறும் ஏழரை நாழிகையாகும். அது சரியாக ஒரு யாமம். இன்றைய கணக்கில் மூன்று மணி நேரம். எந்த அரசனாவது இவ்வாறே வாழ்ந்தான் என யாம் நம்பவில்லை. தத்தம் ஆற்றலுக்கேற்ப இக்கூறுகளை மாற்றிக்கொள்ளலாம் என நூலாசிரியரே இடம் தந்துள்ளார். எனினும், பள்ளி புகுதற்கும் எழுதற்கும் ஒலிக்குறிகள் வகுக்கப்பட்டமை கருதத்தக்கது.

யாமம் என்னும் சொல் இருவேறு அளவில் வழங்குவதையும் இங்கே சொல்லிவிடுவது நன்று. இரவை நான்காகப் பகுத்தால் ஒரு யாமம் ஏழரை நாழிகை. அகப்பொருளின் சிறுபொழுதாகக் கொண்டாலோ, நாளை ஆறாகப் பகுத்து ஒன்றற்குப் பத்து நாழிகை என்பர். சிறுபொழுது ஆறெனக் கொள்வாரும், நம்பியகப்பொருள் போல ஐந்தெனக் கொள்வாரும் உளர். இவ்விரு யாமங்களையும் ஒன்றென மயங்கி எழுதும் கட்டுரைகளை இன்றும் காண்கிறோம்.

ஈண்டு ஓர் ஐயம் எழக்கூடும். யாமப் பகுப்பு இருந்தமையால் நம் முன்னோர் இரவில் இருமுறை துயின்றனர் எனக் கொள்ளலாமோ? இவ்வினா வெறுங்கற்பனையால் எழுந்ததன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோசர் எக்கர்ச்சு 2001இல் வெளியிட்ட கட்டுரையிலும் 2005இல் வெளியிட்ட நூலிலும், தொழிற்புரட்சிக்கு முற்பட்ட ஐரோப்பியர் பலர் இரவில் இரு துயில் கொண்டனர் என வாதிட்டார். வழக்குமன்றப் பதிவுகள், நாட்குறிப்புகள், மருத்துவ நூல்கள் ஆகியவற்றில் 'முதல் துயில்', 'இரண்டாம் துயில்' என்னும் தொடர்கள் வருதலை அவர் திரட்டிக் காட்டினார். இடையில் விழித்தோர் இறைவனை வழிபட்டனர், பேசினர், வீட்டுவேலையும் பார்த்தனர். அவர்க்கு முன்னரே, 1990களின் தொடக்கத்தில், தாமசு வேர் என்னும் அறிஞர் சிலரை நாளுக்கு 14 மணி நேரம் இருளில் ஒரு மாத காலம் வைத்து ஆராய்ந்தார். அவர்களுடைய துயில் இரண்டாகப் பிரிந்தது. இடையே ஒன்று முதல் மூன்று மணி வரை அமைதியான விழிப்பு நிலவியது. மறுபக்கம், தான்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்விளக்கின்றி வாழும் மூன்று குடியினரிடம் நிகழ்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் பெரும்பாலும் இரவில் ஒரே துயில் கொள்வதைக் கண்டது. எனவே, ஒரு துயில்தான் மக்களுக்கு இயல்பு எனவோ இரு துயில்தான் இயல்பு எனவோ அறுதியிட்டுரைத்தல் பொருந்தாது. நம் நூல்களில் காணப்படும் யாமப் பகுப்பைக் கொண்டு துயிற் பகுப்பை நிறுவுதல் அதனினும் பொருந்தாது. யாமம் காவலின் அளவு; துயிலின் அளவன்று.

ஐரோப்பியச் சான்றில் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது ஒன்றுண்டு. 'முதல் துயிற்பொழுது' என்பது அங்கே ஒரு காலப்பெயராகவும் வழங்கிற்று. வழக்கில் சான்று கூறுவோர், குற்றம் நிகழ்ந்த பொழுதை அப்பெயரால் குறித்தனர். அயலார் அனைவரும் ஏறத்தாழ ஒரே பொழுதில் துயின்று ஒரே பொழுதில் விழித்தமையால்தான் துயிலே கடிகாரமாகப் பயன்பட்டது. தனி ஒருவனின் கூறுபட்ட துயில் இங்ஙனம் பயன்படாது.

அத்தகைய கூறுபட்ட துயிலை நூற்றாண்டுக் கணக்கில் வாழ்க்கையாகக் கொண்டோர் மாலுமிகள். பாய்க்கப்பலில் மாலுமிகள் இரு பிரிவாகி, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை மாறிமாறிக் காவல் நின்றனர். நான்கு மணி என்பது பத்து நாழிகை. நாளுக்கு ஆறு காவல் என்பது நம் ஆறு சிறுபொழுதோடு ஒத்த அளவு. இவ்வொப்புமை கண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென யாரும் எழுதற்க. 24 மணியை ஆறாகப் பகுத்தால் எவர்க்கும் இவ்வளவே வரும். ஆறு காவல் எனின் ஒரே பிரிவினர் நாள்தோறும் ஒரே நள்ளிரவுக் காவலில் நிற்க நேரும். அதனைத் தவிர்க்க, பிற்பகல் 4 முதல் 8 வரையுள்ள காவலை இரண்டாக முறித்து ஏழாக்கினர். அதனால் ஒரு மாலுமி ஓர் இரவில் முன்னும் பின்னுமாக இரு கூறு துயில்வான். மறு இரவில் நள்ளிரவுக்குப்பின் ஒரு கூறே துயில்வான். எந்தத் துயிலும் முழுதாக நான்கு மணி நீடிக்க வழியில்லை. வைகல் எண்ணி நாளறியும் முறை அவனிடம் செல்லாது.

அவன் நாளைப் பற்றியது இரண்டு கருவிகளால். அரைமணி நேரம் ஓடும் மணற்கடிகையைக் கவிழ்த்துக் கவிழ்த்து, ஒவ்வொரு முறையும் மணியடித்தனர். எட்டு மணியோசையோடு ஒரு காவல் முடிந்தது. இது சிற்றளவை. நண்பகலில் ஞாயிறு உச்சியேறுவதைக் கருவியால் அளந்து கண்டனர், இஃது எல்லைக்குறி. ஆங்கிலக் கடற்படையில் 1805 வரை கப்பலின் நாட்கணக்கு நள்ளிரவில் தொடங்காமல் நண்பகலில் தொடங்கியமைக்கு இதுவே காரணம். நிலத்திலுள்ளோர் உறங்கும்போது நாள் மாறலாம். கப்பலில் நாள் மாறுவதைக் கண்ணாற் காணவேண்டும்.

இவ்விரு கருவியும் பழுதின்றி இருந்தும் ஒரு கப்பலில் நாள் தவறியது. மகெல்லன் தொடங்கிய உலகவலத்தில், அவர் 1521இல் மாண்டபின் எஞ்சிய விக்டோரியா என்னும் கப்பல் 1522 சூலை 9இல் வெர்டுமுனைத் தீவுகளை அடைந்தது. கப்பற் கணக்கின்படி அன்று புதன், கரையிலோ வியாழன். உடன் சென்ற பிகபெத்தா என்னும் இத்தாலியர் நாள்தோறும் இடையறாது குறிப்பெழுதி வந்தவர். தம் எண்ணிக்கையில் பிழையில்லை என உறுதியாகக் கூறினார். உண்மையில் பிழையில்லைதான். ஞாயிறு செல்லும் திசையிலேயே மேற்கு நோக்கி உலகைச் சுற்றியதால், அவர்கள் கண்ட நண்பகல்கள் நிலத்தார் கண்டவற்றினும் ஒன்று குறைந்தன. சிற்றளவையைத் திருத்தவேண்டிய எல்லைக்குறியே கப்பலோடு நகர்ந்தது.

எல்லைக்குறி நகர்ந்தால் ஒரு நாள் பிழை. அது முற்றும் இல்லையானால் என்னாகும்? இதற்கு விடை குகைகளில் கிடைத்தது. 1938இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்து நதானியேல் கிளைட்மன், தம் மாணவர் ரிச்சர்ட்சனுடன் கென்டக்கி மாநிலத்து மாமத்துக் குகையில் 32 நாள் தங்கினார். அங்கு அவர்கள் 28 மணி கொண்ட நாளை அமைத்து வாழ்ந்தனர். அது 70 நாழிகை. நம் ஏழு நாளின் 420 நாழிகை அவர்க்கு ஆறு நாளாயிற்று. இளையவரின் உடல் அப்புதிய நாளுக்கு இசைந்தது. நாற்பது வயது கடந்த ஆசிரியரின் உடல் இசையவில்லை. ஆயினும் அவர்களிடம் கடிகாரம் இருந்தது.

பிரான்சு நாட்டு மிசேல் சிஃப்ர் அதனையும் விடுத்தார். 1962 சூலை 16இல் இத்தாலிய எல்லையையடுத்த மலைத்தொடரின் இசுகரசோன் பிலத்துள், பனிப்பாறையை ஒட்டிக் கடிகாரமின்றித் தங்கினார். எழும்போதும் உண்ணும்போதும் துயிலப் போகும்போதும் தொலைபேசியில் மேலுள்ளோர்க்கு அறிவிப்பார். அவர்கள் நேரம் குறித்துக்கொள்வர். ஆனால் அவருக்கு அதனைக் கூறமாட்டார். செப்டம்பர் 14இல் அவரை வெளியே அழைத்தபோது, அவர் தம் கணக்கில் அன்று ஆகத்து 20 என எண்ணியிருந்தார். 25 நாள் அவரறியாமற் கழிந்திருந்தது. மேலுள்ளோர் குறிப்பை ஆராய்ந்தபோது, அவருடைய துயிலும் விழிப்பும் ஏறத்தாழ 24½ மணிக்கு ஒருமுறை ஒழுங்காகவே சுழன்றமை புலனாயிற்று. உடல் நாளை அறிந்திருந்தது, உள்ளம் அறியவில்லை. முழுத்துயில் கொண்டெழுந்தும் சிறிது கண்ணயர்ந்ததாகவே அவர் பலகால் கருதினார். எந்தத் துயில் வைகல், எந்தத் துயில் வெறும் கண்ணயர்வு என வேறுபடுத்த அவர்க்கு இயலவில்லை. சிற்றளவையும் அவரிடத்துத் தளர்ந்தது. வினாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணுக என்றபோது, இரண்டு நிமிடத்தில் முடியவேண்டிய எண்ணிக்கைக்கு ஐந்து நிமிடம் கொண்டார். பின்னர் 1972இல் டெக்சாசு மாநிலக் குகையில் ஆறு மாதத்திற்கு மேல் தங்கியபோது, அவருடைய சில சுற்றுகள் 48 மணியளவு நீண்டன. அவையும் அவருக்கு ஒரு நாளாகவே தோன்றின.

பிகபெத்தாவின் பிழையையும் சிஃப்ரின் பிழையையும் அருகருகே வைத்து நோக்குக. முன்னவர் எல்லைக்குறி கொண்டு எண்ணினார். மூன்றாண்டுக் கடற்செலவில் ஒரு நாள் தவறினார். பின்னவர் வைகல் கொண்டு எண்ணினார். இரண்டு மாதத்தில் 25 நாள் தவறினார்.

இக்காலத்தில் நேரத்தை மிச்சப்படுத்தக் கருதித் துயிலைத் தாமே கூறுபடுத்துவோர் உளர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பக்மின்சுடர் புல்லர் ஆறு மணிக்கு ஒருமுறை அரைமணி துயின்று, நாளுக்கு இரண்டு மணித் துயிலோடு ஈராண்டு வாழ்ந்ததாக 1943இல் 'டைம்' இதழ் எழுதியது. உடல் தளர்ந்ததனால் அவர் அதனைக் கைவிடவில்லையாம். உடன் தொழில் செய்தோர் மற்றவர்போல் துயில்வதில் உறுதியாக இருந்தமையாற் கைவிட்டாராம். இச்செய்தி எமக்கு நகைப்பன்று; சான்று. நாள் என்பது ஒருவன் தனியே வைத்துக்கொள்ளத்தக்க உடைமையன்று. நான்கு மணிக்கு ஒருமுறை 20 நிமிடம் துயிலும் வழக்கத்தை அண்மைக் காலத்தில் மேற்கொண்டோரும் சிலர். அவர்களுடைய ஒரு துயில் நம் நாழிகை ஒன்றற்கும் குறைவு. லியொனார்தோ தா வின்சி இவ்வாறே துயின்றார் என அவர்கள் கூறுவதற்கு அவர் காலத்துச் சான்று எதுவுமில்லை. இவ்வழக்கத்தால் நன்மை உண்டென்பதற்கு ஆதாரமில்லை, தீமைக்கே ஆதாரமுண்டு என 2021இல் துயிலாய்வு வல்லுநர் குழுவொன்று முடிவு கூறியது. உடல்நலத்தைப் பற்றிய அம்முடிவு நிற்க, இவர்க்கு நாட்கணக்கு ஒன்று தனியே வேண்டியிருக்கும் என்பது மேற்கூறியவற்றாற் போதரும். நாளுக்கு ஆறு முறை எழுவோனுக்கு எழுச்சி விடியலாகாது. நாட்குறிப்பில் கோடிடுதற்கு ஒரு பொழுதை, அது ஞாயிற்றெழுச்சியாயினும் ஓர் உணவுவேளையாயினும், அவன் துயிலுக்குப் புறத்தே தேர்ந்துகொள்ள வேண்டும்.

நள்ளிரவில் நாள் மாறும் இன்றைய வழக்கு இதற்கு இடையூறு. நம் பழைய முறைப்படி ஞாயிறு எழும்வரை முந்தைய நாளே நீளும். வைகறையில் விழித்திருப்போனும் அந்நாளுக்குள்ளேயே இருக்கிறான். வானொளியே எல்லைக்குறியாதலின் கடிகாரம் நோக்காமலே அவன் நாளெல்லையை அறிவான்.

ஆயின், ஞாயிற்றெழுச்சியும் பயன்படாத இடம் ஒன்று இப்போது உளது. பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை உலகைச் சுற்றுகிறது. அங்குள்ளோர்க்கு ஒரு யாமத்திற்குள் ஞாயிறு இருமுறை எழும். ஒரு நாளில் 16 முறை எழும். கன்னலை ஞாயிற்றெழுச்சிதோறும் புதிதாகத் தொடங்கினால் அங்கே நான்கு நாழிகைக்கு ஒரு நாள் முடிந்துவிடும். ஆகவே அவர்கள் சாளரத்தை நோக்கி நாளெண்ணுவதில்லை. நிலத்திலுள்ளோர் வகுத்த உலகப்பொது நேரத்தைக் கொண்டு துயிலும் பொழுதையும் எழும் பொழுதையும் அமைத்துக்கொள்கின்றனர்.